அழைப்பு எடுக்கப்படவில்லை

ஆகஸ்ட் 8, திங்கள்

வேலையைப் பற்றிக் கேட்டால் நான் மூன்று வார்த்தைக்கு மேல் பேசுவதில்லையாம். "எழுதியாவது பழகுங்க, அப்பவாவது வாயில வரும்" என்று மனைவி கயல் இந்த டைரியை வாங்கி வந்து கொடுத்தாள். ஜனவரி முதல் ஜூலை வரை வெற்றுத்தாள். மகள் முகில் அதில் யானை வரைய ஆரம்பித்துவிட்டாள்.

சரி, வேலை. திருச்சியில் ஓர் அறக்கட்டளை நடத்தும் 'கைப்பேச்சு' என்ற செயலியை நான் பார்த்துக்கொள்கிறேன். காது கேளாதவர்கள் ஆஸ்பத்திரிக்கோ பாங்குக்கோ காவல் நிலையத்துக்கோ போனால் அதைத் திறந்து ஒரு பொத்தானை அழுத்துவார்கள். எங்கள் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வீடியோவில் வருவார். அவர்கள் சைகையில் சொல்வதை எதிரில் இருப்பவருக்கு வாயால் சொல்வார். எதிரில் இருப்பவர் பேசுவதைச் சைகையில் திருப்பிச் சொல்வார். மொழிபெயர்ப்பாளர்கள் ஆறு பேர். கணினி ஆள் நான் ஒருவன்தான்.

இன்று மீனலோசனி மேடம் கூப்பிட்டார். அறக்கட்டளையை நடத்துவது அவர்தான். "செயலியில ஒரு தப்பைச் சரிபண்ண ஏன் ஞாயித்துக்கிழமை வரைக்கும் காத்திருக்கணும் சிவநேசன்? சீக்கிரமா மாத்தற மாதிரி ஏதாவது வழி பண்ணுங்க" என்றார். பண்ணுகிறேன் என்றேன்.

வீட்டுத் தண்ணீர் மோட்டார் மறுபடி நின்றுவிட்டது. உள்ளே காயில், அதாவது கம்பிச் சுருள், போயிருக்கும் என்கிறார் எலக்ட்ரீஷியன்.

ஆகஸ்ட் 10, புதன்

எங்கள் செயலி ஓடுவது எங்கள் அலுவலகக் கணினியில் இல்லை. ஒரு கிளவுட் நிறுவனத்தின் சர்வரில் வாடகைக்கு இருக்கிறோம். இதுவரை ஒவ்வொரு ஞாயிறும் அவர்கள் இணையதளத்துக்குள் போய், புதுப் பதிப்பை ஏற்றி, அது தயாராகும்வரை திரையைப் பார்த்துக்கொண்டிருந்து, பச்சை விளக்கு வந்ததும் பழையதை எடுத்துவிட்டுப் புதியதற்கு மாற்றுவேன். அரை மணி நேர வேலை. பெரும்பாலும் காத்திருக்கும் வேலை.

இனி அதை ஒரு ஸ்கிரிப்ட், அதாவது தானாக ஓடும் சின்ன நிரல், செய்யும். அந்த நிறுவனம் ஏபிஐ கொடுத்திருக்கிறது. அதாவது மனிதன் பொத்தானை அழுத்துவதற்குப் பதில் நம் ஸ்கிரிப்ட் அவர்களுடைய ஒரு முகவரிக்குக் கோரிக்கை அனுப்பலாம். அங்கிருந்து ஓர் எண் பதிலாக வரும். இருநூறில் ஆரம்பிக்கும் எண் என்றால் நல்லது. நானூறு, ஐந்நூறு என்றால் ஏதோ கோளாறு.

என் ஸ்கிரிப்ட் செய்வது: புதுப் பதிப்பை அனுப்பு. அரை நிமிடம் பொறு. அழைப்புகளைப் புதியதற்குத் திருப்பு. பழையதை நீக்கு. முடிந்தது என்று பச்சையில் எழுது.

சாயங்காலத்துக்குள் எழுதி முடித்துவிட்டேன். இரண்டு முறை ஓட்டிப் பார்த்தேன், இரண்டு முறையும் பச்சை. எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது.

ஆகஸ்ட் 14, ஞாயிறு

ஸ்கிரிப்ட் ஓடியது. டீ ஆறுவதற்குள் முடிந்தது.

வழக்கமாக மாற்றி முடித்ததும் அமலாக்காவை அழைத்துச் சோதித்துப் பார்ப்பேன். முழுப்பெயர் அமலோற்பவம். மொழிபெயர்ப்பாளர்களில் ஞாயிறு காலை அவர் ஒருவர்தான், வீட்டில் இருந்தபடியே, பணியில் இருப்பார். அவருடைய அம்மா அப்பா இரண்டு பேருக்கும் காது கேட்காது. பேச்சு வருவதற்கு முன்பே அவருக்குச் சைகை வந்துவிட்டதாம். நான் சோதனைக்கு அழைத்தால் "சாப்டியா?" என்று கையால் கேட்பார். நான் தப்புத்தப்பாக ஏதோ காட்டுவேன். "தம்பி, நீ இப்ப செருப்பைத் தின்னேன்னு சொல்லியிருக்கே" என்று சிரிப்பார்.

இன்று போனில் சொன்னேன்: "அக்கா, இனிமே டெஸ்ட் கால் வேணாம். எல்லாம் ஸ்கிரிப்டே பாத்துக்கும்."

"அப்படியா? ஒரு தடவை கூப்பிட்டுப் பாத்துரலாமே தம்பி. அதுல என்ன நேரமாயிடப் போவுது?"

"தேவையில்லக்கா. தப்பு வந்தா அதுவே சொல்லிடும்."

"சரி தம்பி."

ஆகஸ்ட் 17, புதன்

மோட்டார் பழுது பார்த்து வந்துவிட்டது. மேடம் ஸ்கிரிப்டைப் பார்த்துவிட்டுக் கைதட்டினார். உண்மையிலேயே எழுந்து நின்று தட்டினார்.

ஆகஸ்ட் 20, சனி

நாளை கும்பகோணத்தில் கயலின் அக்கா வீட்டார் புது வீடு குடிபோகிறார்கள். விடியலில் கிளம்ப வேண்டும். மடிக்கணினியை எடுத்து வைத்தேன். "அங்கயுமா?" என்றாள் கயல். ஒரு வரி தட்டினால் போதும் என்றேன். புதுப் பதிப்பில் நூலகம் ஒன்றை, அதாவது செயலி பயன்படுத்தும் பிறர் எழுதிய துணை நிரல் ஒன்றை, புதுப்பித்திருக்கிறேன், சின்ன மாற்றம்தான்.

ஆகஸ்ட் 21, ஞாயிறு

பால் காய்ச்சி, ஹோமம் முடிந்து, நல்ல கூட்டம். காலைப் பந்திக்கு உட்காரும் முன் மாடிப்படியில் உட்கார்ந்து ஸ்கிரிப்டை ஓட்டினேன். பச்சை. மூடி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். அசோகா அல்வா பிரமாதம். முகில் மூன்று அப்பளம் சாப்பிட்டாள்.

மதியத்துக்கு மேல் செயலியில் சின்னச் சிக்கல். சரிசெய்து திரும்ப ஓட்டினேன். சரியாகிவிட்டது.

பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தோம்.

ஆகஸ்ட் 22, திங்கள்

ஒரு புகார் வந்திருக்கிறது.

துவாக்குடியில் தங்கதுரை என்று ஒருவர், வெல்டிங் பட்டறையில் வேலை. அவருக்கும் அவர் மனைவி வெண்ணிலாவுக்கும் காது கேட்காது. நேற்றுக் காலை மனைவிக்குப் பிரசவ வலி. ஆஸ்பத்திரியில் இருந்து கைப்பேச்சை அழைத்திருக்கிறார். யாரும் எடுக்கவில்லை. மறுபடி மறுபடி அழைத்திருக்கிறார். பிறகு டாக்டர்கள் ஏதோ தாளை நீட்ட, என்னவென்று தெரியாமலே கையெழுத்துப் போட்டாராம். வெண்ணிலாவை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். ஆபரேஷன்.

மேடம் என்னிடம் கேட்டார்: "நேத்துக் காலையில யார் டூட்டி?"

"அமலாக்கா."

"அவங்க செயலிக்குள்ள இருந்தாங்களா? கால் வந்திருக்கா? எனக்கு ஒரு ரிப்போர்ட் எடுத்துக் கொடுங்க."

எடுத்துக் கொடுத்தேன். வருகைப் பதிவில் அக்கா காலை முதல் பணியில் இருந்திருக்கிறார். தங்கதுரையின் அழைப்புகள் எல்லாம் வந்திருக்கின்றன. எல்லாவற்றுக்கும் எதிரில் 'அழைப்பு எடுக்கப்படவில்லை' என்று இருக்கிறது. பதிவில் இருப்பதை அப்படியே அச்செடுத்துக் கொடுத்தேன். நானாக ஒரு வார்த்தை சேர்க்கவில்லை.

மேடம் அதை இரண்டு முறை படித்தார்.

ஆகஸ்ட் 23, செவ்வாய்

அமலாக்கா அலுவலகம் வந்திருந்தார். மேடத்தின் அறைக் கதவு மூடவில்லை, பேசுவது கேட்டது.

"மேடம், போன் அடிக்கவே இல்ல. நான் அந்த இடத்தை விட்டு எழுந்திரிக்கவே இல்ல."

"பதிவுல வந்திருக்கே அமலா."

"எனக்கு வரல மேடம். ஞாயித்துக்கிழமை கால் கம்மிதானே, அதான் வரலன்னு நினைச்சேன். எங்கம்மா பக்கத்துல உக்காந்து பூண்டு உரிச்சிட்டிருந்தாங்க. அவங்களைக் கேளுங்க."

வெளியே வந்ததும் என் மேசைக்கு வந்தார். "தம்பி, உன் பக்கம் ஏதாவது ஆயிருக்குமா? கொஞ்சம் பாரேன்."

"பாக்கறேங்க்கா" என்றேன்.

இன்று ஸ்கிரிப்டில் ஒரு சிறு மேம்பாடு செய்தேன். எட்டு வரி. மாற்றக் குறிப்பிலும் அப்படித்தான் எழுதினேன்: சிறு மேம்பாடு.

ஆகஸ்ட் 24, புதன்

முகிலுக்குத் தடுப்பூசி. தொடை வீங்கி ஒரே அழுகை. அரை நாள் விடுப்பு.

அக்காவைப் பணியில் இருந்து 'தற்காலிகமாக' விடுவித்திருப்பதாக மேடம் குழுவில் செய்தி போட்டிருக்கிறார். விசாரணை முடியும் வரைக்கும்தானாம். தற்காலிகமாகத்தான்.

ஆகஸ்ட் 26, வெள்ளி

இன்று மேடம் ஆஸ்பத்திரிக்குப் போய் வெண்ணிலாவைப் பார்த்துவிட்டு வந்தார். வந்தவர் என் மேசைக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு சொன்னார்.

குழந்தைக்கு மூச்சு விடுவதில் சிரமம் இருந்ததால், பிறந்த உடனே ஆம்புலன்ஸில் வேறு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறார்கள். கூடவே தங்கதுரையையும் அனுப்பிவிட்டார்கள். இவர்களிடம் இருக்கும் ஒரே ஸ்மார்ட்போன் அவர் கையில். வெண்ணிலாவுக்கு மயக்கம் தெளிந்ததும் பக்கத்தில் தொட்டில் காலி, புருஷனும் இல்லை. நர்ஸிடம் தொட்டிலைக் காட்டிக் கேட்டிருக்கிறார். நர்ஸ் இரண்டு கையையும் விரித்து இல்லை என்று காட்டினாராம். இங்கே இல்லை என்று சொல்லத்தான் காட்டியிருப்பார். வேறு எப்படிக் காட்டுவது?

வெண்ணிலா அதைக் குழந்தை செத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டார். கண் விழித்தது முதல் சாயங்காலம் வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டு படுத்திருந்தார். சாயங்காலம் புதுக்கோட்டையில் இருந்து அவர் அக்கா வந்துதான் குழந்தை உயிரோடு இருக்கிறது என்று சொன்னது.

"இப்ப பிள்ளையைக் கொண்டுவந்து கையில கொடுத்தா வாங்க மாட்டேங்கறா சிவநேசன்" என்றார் மேடம். "என் பிள்ளை செத்துப்போச்சு, என்னைச் சமாதானப்படுத்த யாரோட பிள்ளையையோ கொடுக்கறீங்கன்னு சொல்றாளாம்."

நான் தண்ணீர் குடிக்க எழுந்து போனேன்.

மதியம் சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 29, திங்கள்

கயல் கேட்டாள்: "என்னங்க, ஒரு வாரமா ஒரு மாதிரி இருக்கீங்க. ஆபீஸ்ல ஏதாவதா?"

"ஒண்ணுமில்ல."

"அன்னைக்குக் கும்பகோணத்துல சாப்பிட்டு முடிச்சு எல்லாரும் படுத்திருக்கையில நீங்க மட்டும் மாடிப்படியில உக்காந்து பதறிட்டிருந்தீங்களே, அதுவா?"

நான் பதறியது அவள் கண்ணில் பட்டிருக்கிறது.

அமலாக்கா ராஜினாமாக் கடிதம் அனுப்பிவிட்டார். இரண்டே வரி. மேடம் அதை எடுத்து என்னிடம் காட்டி, "குத்தம் இருக்கறவங்கதான் இவ்வளவு சீக்கிரம் போவாங்க" என்றார். பிறகு, "அமலாவை அப்படி நினைக்கவே மனசு வரல" என்றும் சொன்னார்.

நான் அப்போது சொல்லியிருக்கலாம். அறையில் வேறு யாரும் இல்லை. மின்விசிறிகூட நின்றிருந்தது. வாயைத் திறந்தேன். "புது ஆள் எடுக்கணுமா மேடம்?" என்று கேட்டேன்.

செப்டம்பர் 1, வியாழன்

எழுதிப் பார்க்கிறேன். எழுதினால் வாயில் வரும் என்று கயல் சொன்னாளே.

புதுப் பதிப்பை அனுப்பியதும் அந்த நிறுவனத்தின் ஏபிஐ இருநூற்றிரண்டு என்று பதில் சொல்கிறது. இருநூறு அல்ல, இருநூற்றிரண்டு. 'உங்கள் கோரிக்கை வந்து சேர்ந்தது, இனிமேல்தான் செய்யப் போகிறோம்' என்று அர்த்தம். செய்து முடித்தோம் என்று அர்த்தமில்லை. முடிந்ததா என்று வேறொரு முகவரியில் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். 'தயார்' என்று வந்தால்தான் அழைப்புகளைத் திருப்பலாம். 'தோல்வி' என்று வந்தால் பழையதைத் தொடவே கூடாது. புகார் வந்த மறுநாள் நான் சேர்த்த அந்த எட்டு வரி இதுதான். அவர்களுடைய விளக்கப் பக்கத்தில் தெளிவாகப் போட்டிருக்கிறது. நான் படித்திருக்கிறேன். படித்துவிட்டு, எதற்கு அவ்வளவு, அரை நிமிடம் பொறுத்தால் போதும் என்று விட்டேன்.

அன்று நான் புதுப்பித்த நூலகம் பொருந்தாமல் புதுப் பதிப்பு தயாராகவே இல்லை. ஸ்கிரிப்ட் அரை நிமிடம் பொறுத்தது. இல்லாத ஒன்றுக்கு அழைப்புகளைத் திருப்பியது. வேலை செய்துகொண்டிருந்த பழையதை நீக்கியது. முடிந்தது என்று பச்சையில் எழுதியது.

அழைப்பை மொழிபெயர்ப்பாளரின் போனுக்குக் கொண்டுபோகும் பகுதிதான் செத்துக் கிடந்தது. வருகைப் பதிவும் அழைப்புக் கணக்கும் வேறு பகுதி, அது பத்திரமாக ஓடிக்கொண்டிருந்தது. அதனால் அக்கா பணியில் இருந்ததும் பதிவானது, அழைப்பு வந்ததும் பதிவானது. அக்காவிடம் அது போகவே இல்லை என்பது மட்டும் பதிவாகவில்லை.

அந்த ரிப்போர்ட்டை மேடத்திடம் கொடுத்தபோது எனக்கு இது தெரியும். ஞாயிறு மதியம், படியில் உட்கார்ந்திருக்கும்போதே தெரியும்.

ஒரு சோதனை அழைப்பு போட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

செப்டம்பர் 2, வெள்ளி

காலையில் மேடம் வந்து பையை வைப்பதற்குள் போய் நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும் கேட்டார்:

"எப்ப தெரியும்?"

"அன்னைக்கே மேடம்."

"நான் அமலாவோட கடிதத்தை உங்ககிட்ட காட்டினப்போ?"

"தெரியும்."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் ராஜினாமா செய்கிறேன் என்றேன்.

"அதை எடுத்துக்கிட்டு வராதீங்க. உங்களை விட்டா இதை ஓட்ட ஆள் இல்ல. உங்களை அனுப்பவும் முடியல பாருங்க, அதுதான் எனக்கு ஆத்திரம். அவளை அனுப்ப எனக்கு ஒரு நிமிஷம் ஆகல." பையை மேசையில் வைத்தார். "போங்க. முதல்ல அவகிட்டப் போய்ச் சொல்லுங்க. போன்ல இல்ல, நேர்ல."

அமலாக்கா வீடு பாலக்கரையில். அவருடைய அம்மா கதவைத் திறந்தார். என்னை யாரென்று தெரியாமலே சிரித்து உள்ளே வரச் சொல்லிக் கை காட்டினார். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தார். மடிப்பதை நிறுத்தாமலே நான் சொன்னது அத்தனையும் கேட்டார்.

"ம்" என்றார். அடுத்த துணியை எடுத்து உதறினார். "நான் எங்கம்மாகிட்டச் சொன்னேன் தம்பி. காது கேக்காத ஒரு பொண்ணு பிரசவ வலியில கூப்பிட்டிருக்கு, நான் எடுக்கலையாம்னு. அம்மா அன்னைக்கு என் பக்கத்துலதான் உக்காந்திருந்தாங்க. ஆனா அவங்களுக்குப் போன் அடிச்சா எப்படித் தெரியும்? அடிச்சும் இவ எடுக்கலையோன்னு ஒரு செகண்டு என்னைப் பாத்தாங்க. ஒரே ஒரு செகண்டுதான்."

மன்னிச்சிருங்கக்கா என்றேன்.

"எனக்குச் சொல்லிட்ட. அந்தப் பொண்ணுக்கு யார் சொல்றது?"

"நான் சொல்றேன்."

"நீ சொன்னா அவளுக்கு எப்படிக் கேக்கும்?" என்றார். பிறகு மடித்த துணியை அலமாரியில் வைத்துவிட்டு வந்து, "ஞாயித்துக்கிழமை காலையில வா. நான் வரேன்" என்றார்.

அவருடைய அம்மா காப்பி கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன். எப்படிக் குடித்தேன் என்று தெரியவில்லை.

கயலிடமும் சொன்னேன். அவள் முகிலை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

செப்டம்பர் 4, ஞாயிறு

துவாக்குடியில் வரிசை வீடு. ஒரே அறை. குழந்தையைத் தூளியில் போட்டிருந்தார்கள். தூளியில் இருந்து ஒரு கயிறு வந்து வெண்ணிலாவின் மணிக்கட்டில் கட்டியிருந்தது. குழந்தை அசைந்தால் கயிறு இழுக்கும், தெரிந்துவிடும். வெண்ணிலா மிகவும் சின்னப் பெண். புகாரைப் படித்தபோது எனக்கு வயது தோன்றவே இல்லை.

நான் பேச, அமலாக்கா சைகையில் சொல்ல ஆரம்பித்தார். வருவதற்கு முன்பே ஒன்று சொல்லியிருந்தார்: "நீ என்னைப் பாத்துப் பேசக்கூடாது, அவளைப் பாத்துப் பேசணும். நான் 'இவர் சொல்றாரு'ன்னு சொல்ல மாட்டேன். நீ எப்படிச் சொல்றியோ அப்படியேதான் சொல்வேன். எங்க வேலை அப்படி."

அதன் அர்த்தம் அப்போதுதான் புரிந்தது. "அன்னைக்கு உங்க கால் போய்ச் சேராததுக்குக் காரணம் நான்" என்றேன். அக்கா தன் நெஞ்சைத் தொட்டார். "தப்பு என்னோடது." மறுபடி தன் நெஞ்சைத் தொட்டார். "தெரிஞ்சும் சொல்லாம இருந்தேன்." மறுபடி. நான் ஒவ்வொரு 'நான்' சொல்லும்போதும் அந்தக் கை அந்த நெஞ்சுக்குத்தான் போனது. எதுவும் செய்யாத ஒருவர் என் எதிரிலேயே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டிருந்தார்.

வெண்ணிலா என்னைப் பார்க்கவில்லை. அக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், முகம் இறுகிக்கொண்டே போனது. தங்கதுரை எழுந்துவிட்டார். எனக்குத் தாங்கவில்லை. "அக்கா, அது நான்னு சொல்லுங்க, நீங்க இல்லன்னு சொல்லுங்க" என்றேன். அதையும் அக்கா அப்படியே சைகையில் சொன்னார். சொல்லிவிட்டு, முதல்முறையாக வேலையை விட்டு வெளியே வந்து, விரலை நீட்டி என்னைக் காட்டினார்.

வெண்ணிலா திரும்பி என்னைப் பார்த்தார். அப்போது கயிறு இழுத்தது. எழுந்து தூளிப் பக்கம் போய்விட்டார். நான் இன்னும் பேசிக்கொண்டிருந்தேன். அக்கா கையைக் கீழே போட்டார்.

"நிறுத்து தம்பி. அவ பாக்கல."

நிறுத்தினேன். வெண்ணிலா எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்தார். இப்போதெல்லாம் பிள்ளையை வாங்கிக்கொள்கிறாள், ஆனால் அதன் முகத்தைப் பார்த்துப் பார்த்து அடையாளம் தேடுகிறாள் என்று தங்கதுரை சைகையில் சொன்னதை அக்கா எனக்குச் சொன்னார். அறைக்கு வெளியே யாரோ வண்டி கழுவிக்கொண்டிருந்தார்கள்.

திரும்பி வந்து உட்கார்ந்ததும் வெண்ணிலா கை அசைத்தார். அக்காவின் குரலில் அது எனக்குக் கேட்டது.

"அந்த நேரத்துல நீ எங்க இருந்த?"

"சொந்தக்காரங்க வீட்டு விசேஷத்துல."

"என்ன செஞ்சிட்டிருந்த?"

"சாப்பிட்டுட்டிருந்தேன்."

அக்கா விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோனார். அவர் ஒவ்வொரு ஞாயிறும் என்னிடம் கேட்ட சைகை.

மன்னிப்புக் கேட்டேன். வெண்ணிலா மணிக்கட்டில் இருந்த கயிற்றைச் சரிசெய்துகொண்டார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார். அக்கா அதை என்னிடம் சொன்னார்:

"என் பிள்ளை பொறந்ததும் அழுதுச்சா?"

எனக்குத் தெரியாது. தங்கதுரைக்கும் தெரியாது, அவர் வெளியே நின்றவர், உள்ளே நின்றிருந்தாலும் அவருக்குக் கேட்டிருக்காது. உள்ளே இருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்டிருக்கும். வெண்ணிலாவுக்குச் சொல்லத்தான் ஆளில்லை.

வரும்போது பஸ்ஸில் அக்கா சொன்னார்: "நான் லைன்ல இருந்திருந்தா எனக்குக் கேட்டிருக்கும் தம்பி. அந்த நிமிஷமே சொல்லியிருப்பேன்."

வேலைக்குத் திரும்பி வருவாரா என்று கேட்டேன். மேடம் நேற்றே வீட்டுக்கு வந்து கேட்டாராம். "வர மாட்டேன். கோவத்துல இல்ல. இனிமே போன் அடிக்காம இருந்தா எனக்குப் பயமா இருக்கும். அடிக்காத போனைப் பாத்துக்கிட்டே எப்படி உக்காந்திருக்கறது?"

செப்டம்பர் 7, புதன்

விடுப்பு எடுத்துக்கொண்டு அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். முதலில் யாரும் பேசவில்லை. நான் உறவும் இல்லை. விவரம் கேட்கச் சம்மதம் என்று ஒரு கடிதத்தில் தங்கதுரையிடம் கையெழுத்து வாங்கிப் போயிருந்தேன், அதைக் காட்டி மதியம்வரை நின்றேன். கடைசியில் அன்றைக்கு உள்ளே இருந்த நர்ஸ் ஒருவர் டீ குடிக்க வெளியே வந்தார்.

"ஞாபகம் இல்லாம என்ன சார். நான்தான் பிள்ளையைக் கையில வாங்கினேன். உடனே அழல. தொடைச்சு, முதுகைத் தேச்சு விட்டதுக்கப்புறம்தான் அழுதுச்சு. அழுததுன்னா சாதாரணமா இல்ல, வெளிய வராண்டா வரைக்கும் கேட்டிருக்கும். அப்புறம்தான் மூச்சு இறைச்சுது, டாக்டர் வேற ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொன்னாரு." டீயை ஒரு வாய் குடித்தார். "அந்தப் பொண்ணு முழிச்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு. நாங்க எல்லாம் மாஸ்க் போட்டிருந்தோம். எங்க கண்ணையே மாறி மாறிப் பாத்துட்டிருந்துச்சு. நான் கூடச் சிரிச்சேன். மாஸ்க்குக்குள்ள சிரிச்சா என்ன தெரியும்?"

முழு மயக்கம் கொடுத்த பிறகுதான் ஆபரேஷன் என்று நினைத்திருந்தேன். இடுப்புக்குக் கீழே மட்டும்தான் மரத்துப்போக வைத்தார்களாம், வெண்ணிலா தூங்கியது எல்லாம் முடிந்தபிறகுதானாம்.

"அப்புறம் முழிச்சதும் பிள்ளை எங்கன்னு கேட்டுச்சு. இங்க இல்லம்மா, வேற ஆஸ்பத்திரின்னு கையைக் காட்டினேன். புரிஞ்சிருக்கும்ல சார்? இப்ப நல்லா இருக்காங்களா?"

கையை எப்படிக் காட்டினார் என்று எனக்கு மறுபடி காட்டினார். இரண்டு உள்ளங்கையும் விரிந்து காலியாக.

"நல்லா இருக்காங்க சிஸ்டர்" என்றேன். அதற்கு மேல் எதுவும் அவரிடம் சொல்லவில்லை.

செப்டம்பர் 10, சனி

அமலாக்காவை அழைத்துக்கொண்டு மறுபடி துவாக்குடி. இன்று உள்ளே உட்காரவில்லை, வாசலிலேயே நின்றேன். அக்கா என் வார்த்தையாக இல்லாமல், நர்ஸின் வார்த்தையாகவே சொன்னார். உடனே அழவில்லை. துடைத்து முதுகைத் தேய்த்ததும் அழுதது. வராண்டா வரைக்கும் கேட்டது. நர்ஸ் சிரித்ததையும் சொன்னார்.

வெண்ணிலா திரும்பச் சொல்லச் சொன்னார். அக்கா திரும்பச் சொன்னார். எவ்வளவு சத்தம் என்று கேட்டார். அக்கா எழுந்து, நெஞ்சில் இருந்து இரண்டு கைகளையும் விரித்து, அந்தச் சின்ன அறையின் சுவர்வரைக்கும் கொண்டுபோய்க் காட்டினார்.

வெண்ணிலா தூளியில் இருந்து பிள்ளையை எடுத்தார். தூங்கிக்கொண்டிருந்த பிள்ளை. அதன் தொண்டையில் இரண்டு விரலை வைத்துப் பார்த்தார். அது சிணுங்கியது. விரலை எடுக்கவில்லை. முதலில் வாய் கோணியது, பிறகு நன்றாகவே அழ ஆரம்பித்தது. எனக்கு வாசல்வரை கேட்டது. அவர் விரலை வைத்தபடியே இருந்தார், அழுகை நிற்கும்வரை.

நான் இருந்தது அவருக்கு நினைவிருந்ததா என்று தெரியாது. கடைசிவரை என் பக்கம் திரும்பவில்லை. திரும்ப வேண்டும் என்று நானும் நிற்கவில்லை.

பிள்ளை பிறந்த அன்று காலையிலேயே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய செய்தி.